பூனையின் குணமும் நோயாளியின் நலமும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டையும் மறுபடி வரவேண்டிய தேதியையும் பெற்றுக்கொண்டு வாசல்வரை சென்ற குடும்பத்தினர், திரும்பி வந்து தயக்கத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டிலே ஒரு பூனை இருக்கிறது. அதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டுமா?" கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாயார், அந்தக் கேள்வி தம் காதில் விழாததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய விடை அந்தப் பார்வையிலேயே இருக்கும்.

மிகப் பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் விடை இதுதான்: விட்டுவிட வேண்டியதில்லை, ஆனால், பூனையின் குணத்தை அறிந்து அதற்கேற்ப வீட்டை ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும். பூனையின் விந்தையான ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் விளங்கிவிட்டால், நோயாளி எதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், எதில் அஞ்சவேண்டியதில்லை என்பதும் உடன் விளங்கிவிடும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதி வீட்டுக்கும் பாதி வீதிக்கும் உரியது

மன்னார்புரம், காஜாமலை, சுப்பிரமணியபுரம் ஆகிய பகுதிகளின் தெருக்களில் நடந்து பார்த்தால், எந்த வீட்டுப் பூனை என்று உறுதியாகச் சொல்லமுடியாத பூனைகளே மிகுதி. காலையில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் உறங்கும். பகலில் எதிர்வீட்டு மீன் கழுவும் இடத்தில் காத்திருக்கும். மாலையில் மூன்றாம் வீட்டு மதிலில் அமர்ந்து போவோர் வருவோரைப் பார்க்கும். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு பெயர் இருக்கும். ஒவ்வொரு வீட்டாரும் அது தம்மிடம்தான் அன்பாக இருக்கிறது என்று நம்புவார்கள்.

இந்தப் பாதி உறவுக்கு நீண்ட வரலாறு உண்டு. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை. மனிதர் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது எலிகள் வந்தன. எலிகளைத் தொடர்ந்து பூனைகள் வந்தன. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதருக்கு அருகில் புதைக்கப்பட்ட, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய பூனையின் எலும்புக்கூட்டைப் பற்றிய செய்தி 2004ஆம் ஆண்டு வெளியானது. நாயை மனிதர் பழக்கினர். பூனையோ பெரும்பாலும் தானே வந்து தங்கிக்கொண்டது. தமிழ் நிலத்திலும் காட்டுப்பூனை பழகிய விலங்கே. பழந்தமிழர் அதனை 'வெருகு' என்றனர். அதன் இளமைப் பெயர் 'குட்டி' என்பதைத் தொல்காப்பியத்தின் மரபியல் எடுத்துரைக்கிறது.

ஆகவே, பூனை நாம் அழைத்தால் ஓடிவரவில்லை என்பதற்காக வருந்தவேண்டியதில்லை. அதற்குக் காது கேட்கிறது, பெயரும் தெரிகிறது. வீட்டுப் பூனைகள் தம் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் சோதனை வழியாகக் காட்டினார்கள். அறிவது வேறு, கீழ்ப்படிவது வேறு. இந்த வேறுபாட்டைப் பூனை வளர்ப்போர் ஆய்வு ஏதும் இல்லாமலே அறிந்திருப்பார்கள்.

வரவேற்கும் விதம்

வாலை நேராக உயர்த்திக்கொண்டு எதிரே வரும் பூனை நம்மை நட்புடன் வரவேற்கிறது. காலில் கன்னத்தை உரசுவதும் அன்பின் அடையாளமே. ஆனால் அதற்குள் இன்னொரு செயலும் நடக்கிறது. பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் மணச் சுரப்பிகள் உள்ளன. உரசும்போது தன் மணத்தை நம்மீது பூசி, 'இவர் எங்கள் வீட்டைச் சேர்ந்தவர்' என்று பதிவு செய்துகொள்கிறது.

மருத்துவமனையில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவரைக் கண்டு, அதுவரை மடியைவிட்டு இறங்காத பூனை விலகி ஓடுவதற்கும் இதுவே காரணம். அவர்மேல் இப்போது மருந்தின் மணமும் கிருமிநாசினியின் மணமும் வீசுகின்றன; பழகிய மணம் மறைந்திருக்கிறது. 'பூனைகூட என்னை மறந்துவிட்டதே' என்று நோயாளி மனம் நோகவேண்டாம். வற்புறுத்தித் தூக்கவும் வேண்டாம். ஓரிரு நாளில் அது தானே முகர்ந்து பார்த்து மீண்டும் உரசத் தொடங்கும்.

படுக்கையைவிட்டு எழ இயலாதவரும் பூனையோடு பேசலாம். பூனையைப் பார்த்துக் கண்களை மெல்லச் சுருக்கி, மெல்ல மூடித் திறக்கவேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு செய்தவர்களைப் பார்த்துப் பூனைகளும் கண்களைச் சுருக்கின. முன்பின் அறியாதவர் செய்தபோதும் அவரை அணுகிவரும் போக்கு கூடியது. உற்று நோக்குவது பூனைக்கு மிரட்டல். கண்மூடித் திறப்பது நம்பிக்கை. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடாது என்பார்கள்; ஆனால் எதிரில் இருப்பவரை நம்புகிறது என்று பொருள் கொள்ளலாம்.

மாவு பிசையும் கால்கள்

போர்வையின்மேல் ஏறி நின்று, முன்னங்கால்களை மாற்றி மாற்றி அழுத்தி மாவு பிசைவதுபோல் செய்யும் பூனையைப் பலரும் பார்த்திருப்பார்கள். பால்குடிக்கும் பருவத்தில், பால் நன்கு சுரப்பதற்காகத் தாயின் வயிற்றைக் குட்டி இவ்வாறு அழுத்தும். வளர்ந்த பின்னும், மனநிறைவு தோன்றும்போது அப்பழக்கம் திரும்ப வருகிறது. நம் வயிற்றின்மேல் அது மாவு பிசைந்தால், நம்மைத் தாய்க்குரிய இடத்தில் வைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அழகான பழக்கம்தான், ஆனால் ஒவ்வோர் அழுத்தத்திலும் நகம் வெளியே வருகிறது. வயிற்றிலோ மார்பிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், தையல் பிரித்துக் காயம் முழுமையாக ஆறும்வரை பூனையைப் படுக்கையில் ஏற்றக்கூடாது. கட்டிலின் அருகே ஒரு நாற்காலியில் பழைய போர்வையை மடித்துப் போட்டால் அது அங்கே படுத்துக்கொள்ளும். கை நீட்டினால் தொடும் தூரம். காயத்துக்கு எட்டாத தூரம்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோருக்குச் சிறு கீறலிலும் இரத்தம் நிற்க நேரமாகும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு நகம் பட்டது தெரியாமலே போகும். அத்தகையோர் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் சொல்வதுண்டு. பூனை உள்ள வீட்டில் அது இருமடங்கு கட்டாயம்.

தொண்டையில் எழும் ஓசை

தடவிக்கொடுக்கும்போது பூனையின் தொண்டையிலிருந்து எழும் 'குர்ர்' என்ற ஓசை, குரல்வளைத் தசைகள் விநாடிக்கு ஏறத்தாழ 25 முதல் 150 முறை அதிர்வதால் உண்டாகிறது. மகிழ்ச்சியில் மட்டுமன்றி, வலியிலும் அச்சத்திலும் பூனை இவ்வோசை எழுப்பும். பசிக்கும்போது அதனுள்ளே குழந்தையின் அழுகையை ஒத்த உயர்ந்த ஓசை ஒன்றையும் கலந்து எழுப்புகிறது என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காலையில் உணவு வைக்கும்வரை நம்மால் உட்காரமுடியாமல் போவது இதனால்தான். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அரிது; அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதருக்கென்றே வைத்திருக்கின்றன.

இந்த அதிர்வு எலும்பு முறிவைக் குணப்படுத்தும் என்று கைப்பேசியில் செய்திகள் வலம்வருகின்றன. நோயாளிகளிடம் அதற்கு உறுதியான சான்று இல்லை. மனம் அமைதி அடைவது உண்மை, அதுவே நற்பயன். ஆனால் மாவுக்கட்டுக்கும் மருந்துக்கும் அது மாற்றாகாது.

மாலையும் விடியலும்

பூனை நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் உறங்கும். அதன் ஊக்கம் பெருகுவது மாலை மங்கும் பொழுதிலும் விடியற்காலையிலும். அதன் இரையான எலி நடமாடும் பொழுது அதுவே. அதிகாலை நான்கு மணிக்குக் காரணமின்றிக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்தோடுவது பேயைக் கண்டதால் அன்று. வேட்டைக்குரிய நேரத்தில் வேட்டையில்லாத வீட்டில் இருப்பதால்.

முதியோர் கழிப்பறைக்கு எழுந்து செல்வதும் அதே நேரம்தான். அரையிருளில், கால்களுக்கிடையே புகும் பூனையால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது மிகப் பெரிய இழப்பு. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு இரவு விளக்கு எரியட்டும். கைத்தடியோ நடைச்சட்டமோ பயன்படுத்துவோர் உறங்கும் அறைக்குள் இரவில் பூனை வராதிருப்பது நல்லது. படுக்கப் போகும் முன் கயிற்றையோ காகித உருண்டையையோ காட்டிச் சிறிது நேரம் விளையாடவிட்டு, அதன்பின் உணவு கொடுத்தால், விடியற்காலை ஓட்டம் குறையும்.

பெட்டியும் குழாயும்

எவ்வளவு விலையுயர்ந்த மெத்தை வாங்கினாலும், அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே பூனை படுக்கும். நாற்புறமும் சுவர் இருந்தால் பின்புறத் தாக்குதல் பற்றிய அச்சம் இல்லை, உடற்சூடும் வெளியேறாது. நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பெட்டி கொடுக்கப்பட்ட புதிய பூனைகள், பெட்டி இல்லாதவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன. நோயாளியைப் பார்க்க உறவினர் திரளாக வரும் நாட்களில் பூனைக்கும் ஒரு பழைய பெட்டி கொடுங்கள்.

ஆடும் நூலும் தொங்கும் குழாயும் பூனைக்குப் பாம்பின் வால் போன்றவை; பாயாமல் இருக்க அதனால் இயலாது. ஆக்சிஜன் குழாய், மூக்குவழி உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய் ஆகியவை உள்ள நோயாளியின் அறையில் பூனை தனியே இருக்கக்கூடாது. வயிற்றுவழி டயாலிசிஸ் வீட்டிலேயே செய்துகொள்வோர் இதில் மிகக் கண்டிப்பாக இருக்கவேண்டும். பூனை குழாயைக் கடித்ததால் அதன் வாய்க்கிருமி வயிற்றுக்குள் சென்று கடும் தொற்று ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பை மாற்றும் நேரத்தில் கதவு மூடியே இருக்கட்டும்.

வேட்டையும் காணிக்கையும்

மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தில், முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் பூனை ஒன்றையும் அதனருகே எலிகளையும் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் செதுக்கியிருக்கிறார்கள். பூனையின் அசைவின்மை அமைதியன்று, காத்திருப்பு என்பதை அவர்கள் நன்கு கவனித்திருந்தனர். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். செத்த பல்லியையோ அணிலையோ கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைக்கும். அதைத் திட்டினால் அதற்குக் காரணம் புரியாது. கையுறையோடு எடுத்து அப்புறப்படுத்தி, தரையைக் கிருமிநாசினியால் துடைத்துவிடுவதே வழி.

இந்த வேட்டைப் பழக்கத்தோடு தொடர்புடையது டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி. தொற்றுள்ள எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனை, பொதுவாக முதன்முறை தொற்று ஏற்பட்டபின் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கு அதன் மலத்தில் இந்தக் கிருமியை வெளியேற்றும். வெளிவந்த உடனே அது தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆனபின்பே தொற்றும் நிலையை அடையும். இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. பூனையின் மணல்தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் நீங்கும். அதைக் கருவுற்ற பெண்ணும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரும் செய்யாமல் வேறொருவர் செய்யவேண்டும்.

பூனையைத் தொட்டாலே கரு கலைந்துவிடும் என்பது சரியன்று. நன்கு வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் ஆகியவற்றின் வழியாகவும் இத்தொற்று வரும் என்பதே அதிகம் நினைவில் கொள்ளவேண்டியது. பூனைக்கும் வெந்த உணவையே கொடுங்கள். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோர் பூனையுடன் பழகும் முறை பற்றித் தங்கள் மருத்துவரிடம் தனியே கேட்டறியவேண்டும்.

பாலும் பாரசிட்டமாலும்

பூனை என்றாலே பால் என்று நாம் நினைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவு. கிண்ணம் நிறையக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். இனிப்புச் சுவையைப் பூனையின் நாவால் உணரவே இயலாது. அதற்குரிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்திருப்பதை 2005இல் கண்டறிந்தனர். அது பாயசத்தைத் தேடி வந்தால், இனிப்புக்காக அன்று, பாலின் கொழுப்புக்காக. பூனை முழுமையான ஊனுண்ணி. தயிர்சாதம் மட்டும் தின்று நலமாக வாழ இயலாது. டாரின் என்னும் சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைக்காவிடில் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

நோயாளி உள்ள வீடுகளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மனிதருக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை அதன் உயிரைப் போக்கலாம். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று இரக்கப்பட்டுக் கால் மாத்திரை பொடித்துக் கொடுப்போர் உண்டு. பூனையின் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எப்போதும் சுடும். மருந்துகளை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். நோய் என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

முடியும் இளைப்பும்

பூனைமுடி தொண்டைக்குள் போனால் இளைப்பு வரும் என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. முடியன்று காரணம். பூனையின் உமிழ்நீரிலும் தோல் சுரப்பியிலும் உள்ள ஒரு புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. பூனை ஓயாமல் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதால் அப்புரதம் முடியெங்கும் படிந்து, உலர்ந்து, காற்றில் மிதந்து மெத்தையிலும் திரையிலும் தங்குகிறது. எல்லோருக்கும் இந்த ஒவ்வாமை இல்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள ஒருவருக்குப் பூனை அருகில் வந்ததும் தும்மலும் கண் அரிப்பும் மூச்சிரைப்பும் தோன்றுமானால், அதை அலட்சியம் செய்யக்கூடாது. உறங்கும் அறைக்குள் பூனை நுழையாதிருக்கட்டும்; படுக்கை விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள்; தடவியபின் கைகளைக் கழுவுங்கள். அதன்பிறகும் இளைப்பு அடங்காவிட்டால், பூனைக்கு வேறு நல்ல வீடு தேடவேண்டிய சில வீடுகளுள் அதுவும் ஒன்றாகும். அதை மறைக்காமல் சொல்வதே எங்கள் கடமை.

கொஞ்சும்போதே கடிப்பது

மடியில் சுகமாகப் படுத்திருந்த பூனை திடீரென்று திரும்பிக் கையைக் கவ்வும். "நன்றாகத்தானே இருந்தது!" என்போம். உண்மையில் அது முன்கூட்டியே சொல்லியிருக்கும். வால்நுனி துடித்திருக்கும்; காது பின்னால் மடிந்திருக்கும்; முதுகுத்தோல் சிலிர்த்திருக்கும்; தொண்டை ஓசை நின்றிருக்கும். 'போதும்' என்பதற்குப் பூனை மொழியில் இவையே சொற்கள். வயிற்றைக் காட்டிப் புரள்வது நம்பிக்கையின் அடையாளம். வயிற்றைத் தொடுவதற்கு அழைப்பன்று. வீட்டுக்கு வரும் பேரக்குழந்தைகளுக்கு இதை முதலில் கற்றுக்கொடுங்கள்.

இனி வருவது இக்கட்டுரையின் மிக இன்றியமையாத பகுதி. பூனைக்கடி வெளியில் சிறு புள்ளியாகத் தெரியும். ஆனால் அதன் பல் ஊசிபோல் ஆழம் சென்று கிருமியை உள்ளே விட்டுவிட்டு வரும். கையில் கடிபட்ட இடம் ஒரே நாளுக்குள் சிவந்து வீங்கலாம். நகக்கீறலுக்குப் பிறகு ஓரிரு வாரங்களில் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டிக் காய்ச்சல் வந்தால், கீறியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ரேபிஸ். நம் நாட்டில் அது பெரும்பாலும் நாயால் பரவுகிறது என்றாலும், பூனையாலும் பரவும். 'பூனைதானே, நாயில்லையே' என்ற எண்ணம் உயிரைப் பறிக்கக்கூடியது. நோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. தோன்றும் முன் தடுப்பது முற்றிலும் இயலும்.

பூனை கடித்தாலும் கீறினாலும், புண்ணை நக்கினாலும், உடனே அந்த இடத்தைக் குழாய்நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, எண்ணெய் எதையும் வைக்கக்கூடாது. அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும். இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி தேவை; தோலைத் துளைத்த கடிக்கும், இரத்தம் கசிந்த கீறலுக்கும் தடுப்பூசியுடன் காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி நாளை 0 என்று கொண்டு, 3, 7, 28ஆம் நாட்களிலும் ஊசி போடவேண்டும். நடுவில் நிறுத்தலாகாது. அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிப் போடப்படுகிறது. கருவுற்றிருப்பதும் பாலூட்டுவதும் தடையல்ல. கடித்த பூனை பத்து நாள் நலமாக இருக்கிறதா என்று கவனிப்பது நல்லதே. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது.

வீட்டுப் பூனைக்குக் கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் ரேபிஸ் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுப்பதும், கருத்தடை செய்வதும் பூனைக்கு மட்டுமன்று, நோயாளிக்கும் பாதுகாப்பு. கருத்தடை செய்த ஆண்பூனை அலைவதும் சண்டையிடுவதும் குறையும்.

சகுனம் பற்றி ஒரு சொல்

மருத்துவமனைக்குப் புறப்படும்போது பூனை குறுக்கே சென்றது என்று, திரும்பி உட்கார்ந்து நேரம் கழித்து வருவோர் இன்றும் இருக்கிறார்கள். மார்புவலியிலும் பக்கவாதத்திலும் ஒவ்வொரு நிமிடமும் தசையாகவும் மூளையாகவும் இழக்கப்படுகிறது. பூனை தன் எல்லையைச் சுற்றிப்பார்க்கப் போகிறது. அதற்கு நம் பயணத்தோடு தொடர்பில்லை.

இன்னோர் அச்சமும் உண்டு. அமெரிக்காவில், ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், ஸ்டீர் ஹவுஸ் என்னும் முதியோர் மருத்துவ இல்லத்தில் ஆஸ்கர் என்ற பூனை வளர்ந்தது. இறுதி நேரத்தில் இருப்போரின் அருகில் சென்று அது படுத்துக்கொள்வதை ஊழியர்கள் கவனித்தனர். டேவிட் டோசா என்ற மருத்துவர் 2007இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் அதைப்பற்றி எழுதினார். இச்செய்தியைப் படித்துவிட்டு, பாட்டியின் கட்டிலில் பூனை படுத்ததும் கலங்கவேண்டாம். பூனைக்கு இதமான வெப்பம் நமக்கு இதமானதைவிட மிகுதி. நாள் முழுதும் ஒருவர் படுத்திருக்கும் கட்டில் வீட்டிலேயே வெதுவெதுப்பான, அசையாத இடம். அதனால்தான் அது அங்கே வருகிறது. ஆஸ்கர் கதையில் நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது வேறொன்று: அங்கே குடும்பத்தார் அந்தப் பூனையைத் துரத்தவில்லை, யாரும் இல்லாத நேரத்திலும் ஓர் உயிர் அருகில் இருந்தது என்று ஆறுதல் கொண்டார்கள்.

வலியை மறைக்கும் குணம்

பூனை தன் நோயை வெளிக்காட்டாது. காட்டில் வலுவிழந்தது என்று தெரிந்தால் பகை சூழும்; எனவே வலியை விழுங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கும். வழக்கமாகத் தாவும் மதிலில் தாவாதிருப்பது, முடியை நக்காமல் விடுவது, உணவுத்தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புவது, அலமாரிக்கு அடியில் போய் இருப்பது ஆகிய சிறு மாற்றங்களே அதன் முறையீடு.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான். "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். ஆனால் பிடித்த குழம்பைப் பாதியில் வைத்திருப்பார்கள். மாலை நடையை விட்டிருப்பார்கள். திண்ணைக்கு வராமல் உள்ளேயே படுத்திருப்பார்கள். பூனையின் சிறு மாற்றத்தைக் கவனிக்கப் பழகிய கண், மனிதரின் சிறு மாற்றத்தையும் கவனிக்கும். பராமரிப்போருக்கு இதைவிடப் பெரிய பயிற்சி இல்லை.

திருவரங்கத்துப் பூனைக்குட்டி

இங்கிருந்து காவிரியைக் கடந்தால் திருவரங்கம். அங்கே வளர்ந்த வைணவத் தத்துவத்தில் பூனைக்குட்டிக்கு ஒரு நிலையான இடம் உண்டு. இறைவனின் அருளை உயிர் எவ்வாறு அடைகிறது என்னும் ஆராய்ச்சியில் இரு உவமைகள் தோன்றின. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும்; அது மர்க்கட நியாயம், வடகலை மரபோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை; தாயே அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்கிறது. அது மார்ஜார நியாயம், பிள்ளை லோகாசாரியாரையும் மணவாள மாமுனிகளையும் போற்றும் தென்கலை மரபோடு சேர்த்துச் சொல்லப்படுவது.

உவமை கண்ணால் கண்ட உண்மையில் பிறந்தது. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி கால்களை மடக்கி, அசைவை நிறுத்தி, தளர்ந்து தொங்கும். திமிறினால் இருவருக்கும் ஆபத்து. தளர்ந்தால் தாய்க்கு எளிது. இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வேறிடம் சேர்க்கும். ஏழு வீடு மாற்றும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வளர்ந்த பூனையை மட்டும் நாம் அவ்வாறு பிடரியைப் பற்றித் தூக்கக்கூடாது. அதன் எடையைக் கழுத்துத்தோல் தாங்காது. ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்னங்கால்களின் கீழும் இருக்கவேண்டும்.

தத்துவத்தை ஆராய்வது எங்கள் வேலையன்று. ஆனால் நோயாளியின் நாட்களிலும் இவ்விரு குட்டிகளும் உண்டு என்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். மாத்திரையை நேரம் தவறாமல் உட்கொள்வதும், சொன்ன பயிற்சியைச் செய்வதும் குரங்குக்குட்டியின் பிடி. அதை நோயாளியே செய்தாகவேண்டும். குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் பிறர் கை தேவைப்படும் நாட்களில், 'பாரமாகிவிட்டேனே' என்று திமிறாமல், தூக்குபவரின் அன்பை நம்பித் தளர்ந்திருப்பது பூனைக்குட்டியின் அறிவு. முன்னதைவிடப் பின்னது கடினம் என்பதைப் படுத்தவர் அறிவர்.

ஆகவே, வாசலில் நின்று கேட்ட மகனுக்கு நாங்கள் சொல்வது இது. தையல் ஆறும்வரை பூனை நாற்காலியில் இருக்கட்டும், மணல்தட்டை நீங்கள் சுத்தம் செய்யுங்கள், தடுப்பூசி போட்டுவிடுங்கள், இரவில் விளக்கு எரியட்டும். அதன்பின் அம்மாவிடம், அந்தப் பூனையின் பெயர் என்ன என்று கேட்போம். அதுவரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, பெயரைச் சொல்லுவார்.